கூரண்ட்: கணிதவியலாளரா, நிர்வாகியா?

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைப் பற்றிய கட்டுரையில், அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் கூரண்டை ஹில்பெர்ட், எம்மி நோதர் ஆகிய பெரும் கணிதவியலாளர்களின் வரிசையில் வைத்திருந்தீர்கள். நான் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவள். கூரண்ட் தேர்ந்த நிர்வாகி என்பதை மறுக்கவில்லை. ஆனால் பிறருடைய உழைப்பைக் கொண்டு உயர்ந்தவர் என்றே அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். அமெரிக்காவில் குடியேறிய பின் அவர் கணிதத்தில் என்ன செய்தார்? மாணவர்களுக்கு அவரை எப்படி அறிமுகப்படுத்துவது?

க.செ., தஞ்சாவூர்

அன்புள்ள க.செ. அவர்களுக்கு,

உங்கள் ஐயம் ஆதாரமற்றதல்ல. கணிதவியலாளர் ஹெர்பர்ட் ராபின்ஸுடன் சேர்ந்து கூரண்ட் எழுதி 1941இல் வெளியிட்ட ‘வாட் இஸ் மேத்தமேடிக்ஸ்?’ என்ற புகழ்பெற்ற நூலின் அட்டையில் ராபின்ஸின் பெயர் இடம்பெறுவதே ஒரு பூசலுக்குப் பிறகுதான் நடந்தது என்று ராபின்ஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த ஒன்றைக் கொண்டு அவருடைய கணிதத்தை எடைபோடுவது சரியாகாது.

1928இல் கூரண்டும், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற இரு கணிதவியலாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். அலை எப்படிப் பரவுகிறது என்பதை விவரிக்கும் அலைச் சமன்பாட்டை எண்களால் தீர்ப்பதற்கு வெளியைக் கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு இடைவெளிகளாகவும் பிரிக்கிறோம். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கட்டத்தின் அகலம் 3,400 மீட்டர் என்றால், அலை ஒரு கட்டத்தைக் கடக்கப் பத்து விநாடி ஆகும். அடுத்தடுத்த கட்டங்களை மட்டும் பார்த்து முன்னேறும் எளிய கணக்கீட்டில் நேர இடைவெளி அந்தப் பத்து விநாடியைத் தாண்டினால், அலை வந்து சேர்ந்துவிட்ட செய்தி கணக்கீட்டுக்குத் தெரியாமலே போகிறது. பிழை படிக்குப் படி பெருகி விடையைச் சிதைத்துவிடுகிறது. மின்னணுக் கணினியே இல்லாத காலத்தில், தீர்வு உண்டு என்று நிறுவும் பொருட்டு அவர்கள் கண்ட நிபந்தனை இது. இன்று வானிலையைக் கணிப்பவர்களும் விமானத்தைச் சுற்றிய காற்றோட்டத்தைக் கணக்கிடுபவர்களும் இதைக் கருதாமல் ஓரடி வைக்க முடியாது. அந்தக் கட்டுரையை 1967இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது.

ஆனால் நீங்கள் கேட்டது அமெரிக்காவுக்குச் சென்ற பின் என்ன செய்தார் என்பது. 1933 ஏப்ரலில், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டுக் காயமடைந்தவர் என்பதையும் பொருட்படுத்தாமல், யூதரான கூரண்டைக் கோட்டிங்கன் பணியிலிருந்து நாஜி அரசு விலக்கிவைத்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அங்கே அவர் எழுப்பிய கணித நிறுவனக் கட்டடம் திறக்கப்பட்டு அப்போது நான்காண்டுகூட ஆகியிருக்கவில்லை. கேம்பிரிட்ஜில் ஓராண்டு இருந்துவிட்டு, 1934இல், தம் 46ஆம் வயதில், நியூயார்க் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். கோட்டிங்கனோடு ஒப்பிட அங்கே உயர்நிலைக் கணித ஆய்வு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலமான 1943இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் பிற்பகுதி, ஒரு தண்டு முறுக்கப்படும் சிக்கலை எண்களால் தீர்ப்பது பற்றியது. தண்டின் குறுக்குவெட்டை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்திலும் தீர்வை நேரியல் சார்பாக, அதாவது ஒரே சீராக மாறுவதாக, கொள்ளலாம் என்று அவர் காட்டினார். பாலத்தையும் அணையையும் வடிவமைக்கும் பொறியாளர்கள் நாள்தோறும் கையாளும், பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையின் தொடக்கங்களில் ஒன்றாக இதைக் கருதுகிறார்கள். புலம்பெயர்ந்தவர் கணிதத்தை விட்டுவிட்டு நிதி திரட்டப் போய்விட்டார் என்ற கூற்றுக்கு இதுவே போதிய மறுப்பு.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு கணித நிறுவனத்தை உருவாக்க அவர் நிதி திரட்டியதையும் நான் குறைவாக மதிப்பிடவில்லை. யூதப் பெண்ணை மணக்க விரும்பியதால் ஜெர்மனியில் வாழ முடியாமல் போன ஃபிரீட்ரிக்ஸ் 1937இல் கூரண்டிடம்தான் வந்து சேர்ந்தார். ஹங்கேரியிலிருந்து 1941இல் பதினைந்து வயதில் நியூயார்க் வந்த பீட்டர் லாக்ஸ் அந்த ஃபிரீட்ரிக்ஸின் மாணவரானார். 2005இல் லாக்ஸ் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஏபல் பரிசு பெற்றார். பெண்களுக்குக் கணிதத் துறையில் இடம் கிடைப்பதே அரிதாயிருந்த நாட்களில் கேத்லீன் மொராவெட்ஸ் என்ற கணிதவியலாளரை வேலைக்கு அமர்த்தியவரும் கூரண்ட்தான். மொராவெட்ஸ் 1984இல் அந்நிறுவனத்தின் இயக்குநரானார். சென்னையில் பிறந்து கல்கத்தாவில் புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவிடம் முனைவர் பட்டம் பெற்ற எஸ். ஆர். எஸ். வரதன் 1963இல் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அவருக்குக் கிடைத்தது முன்பு தொப்பித் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில் சன்னல் இல்லாத ஓர் அறை. 2007இல் அவருக்கும் ஏபல் பரிசு கிடைத்தது. இத்தனை பேருக்கும் இடமளித்தவர், தாம் கட்டிய இடத்திலிருந்தே ஒருமுறை வெளியேற்றப்பட்டவர் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

மாணவர்களுக்கு அவரை எப்படி அறிமுகப்படுத்துவது என்று கேட்டீர்கள். வாழ்க்கை வரலாற்றை முதலில் சொல்ல வேண்டாம். கணினி ஆய்வகத்தில் ஓர் அலைச் சமன்பாட்டை இயக்கி, நேர இடைவெளியை வரம்புக்குச் சற்று மேலே உயர்த்துங்கள். சில படிகளிலேயே அழகான வளைவு இரம்பப் பற்களாகக் கிழிந்து திரையை விட்டு வெளியேறுவதை அவர்கள் பார்க்கட்டும். அதன்பின் 1928 என்ற ஆண்டைப் பலகையில் எழுதுங்கள்.