பெற்றோர் பிரிந்தால், பிள்ளை யாரிடம் இருக்கணும்னு பிள்ளையே சொல்லலாமா? வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: மேடம், என் மகளுக்கு 12 வயசு ஆயிடுச்சு. இனி அவளே முடிவு பண்ணலாம்னு சொல்றாங்களே?

பதில்: சொல்லலாம், முடிவு பண்ண முடியாது. 12 என்ற கணக்கே சட்டத்தில் இல்லை. விவரம் தெரிந்து சொல்கிற வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கோர்ட் கருத்தில் எடுக்கலாம் என்கிறது 1890-ம் வருட காப்பாளர் சட்டத்தின் 17-வது பிரிவு. 'எடுக்கலாம்', அவ்வளவுதான். பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

கேள்வி: பையனுக்கு 4 வயசு. அவனையும் கேட்பாங்களா?

பதில்: கேட்டாலும் அதற்குப் பெரிய மதிப்பிருக்காது. இந்துக்களுக்கான 1956-ம் வருடச் சட்டப்படி 5 வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான்.

கேள்வி: கூண்டில் ஏற்றி எல்லார் முன்னாடியும் கேட்பாங்களா? என் பையன் ரொம்ப பயந்த சுபாவம்.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. பெரும்பாலும் ஜட்ஜ் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். நீங்களும் இருக்க மாட்டீர்கள், வக்கீல்களும் இருக்க மாட்டோம். கவுன்சலரிடம் அனுப்புவதும் உண்டு.

கேள்வி: அவங்கப்பா நல்லா சொல்லிக்கொடுத்து கூட்டிட்டு வருவார். நானும் தயார் பண்ணணுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஒரு வழக்கில் எட்டு வயசுப் பையன், "அம்மாவால் மன உளைச்சலுக்கு ஆளானேன்" என்றானாம். எட்டு வயசில் யார் அப்படிப் பேசுவார்கள்? சோறு யார் ஊட்டுவது, காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் படுப்பது என்று கேட்டதும் "அம்மா, அம்மா" என்றே பதில் வந்திருக்கிறது. ஒப்பிக்கிற பிள்ளையை ஜட்ஜுக்குத் தெரியும். பழி கடைசியில் சொல்லிக்கொடுத்தவர் தலையில்தான் விடியும்.

கேள்வி: மகள் தவறிட்டா. பேரன் எங்ககிட்ட வளர்றான். மருமகன் கேஸ் போட்டிருக்கார். அப்பாங்கறதால கொடுத்துடுவாங்களா ஐயோ?

பதில்: அப்பா என்பது மட்டும் போதாது. கொல்கத்தாவிலிருந்து உச்ச நீதிமன்றம் போய் 2008-ல் தீர்ப்பான வழக்கும் இதே மாதிரிதான். தாய் இறந்ததில் தகப்பன் மீதே கிரிமினல் வழக்கு இருந்தது. கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் பையனை அவரிடம் விடச் சொல்லின. தாத்தா பாட்டியோடுதான் இருப்பேன் என்று பையன் உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடமே சொன்னான். கீழே இருந்த கோர்ட்டுகள் அவன் விருப்பத்தைக் கேட்காமல் விட்டது தவறு என்று அந்த உத்தரவுகள் ரத்தாகின. உங்கள் மருமகன் மீது வழக்கு ஏதும் இல்லையென்றால் நிலைமை வேறு. பேப்பர்களோடு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

கேள்வி: பொண்ணு அவங்கம்மாகிட்ட இருக்கணும்னு ஆர்டர் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப அவ என்கிட்ட வரணும்கிறா.

பதில்: மறுபடி மனு போடலாம் சார். பிள்ளை யாரிடம் இருக்கணும் என்கிற கஸ்டடி ஆர்டர் கல்வெட்டு இல்லை. ஆனால் லீவுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டு மனு போடாதீர்கள்.