ஏற்காடு அடிவாரச் செம்மண்ணை வைத்தே குப்பை நிலநிரப்புக் களத்தின் அடிப்படுகையைப் போட முடியுமா? என்னென்ன மண் பரிசோதனை செய்ய வேண்டும்?

பெரும்பாலும் முடியும். ஆனால் மண்ணைக் காயவிட்டுச் சோதித்த ரிப்போர்ட்டை நம்பி "முடியும்" என்றோ "முடியாது" என்றோ சொல்லிவிடாதீர்கள்.

அடிவாரம் என்று கேட்டது சரி. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் மலைமேல் நிலநிரப்பைத் தவிர்த்து, கீழே சமவெளியில் 25 கி.மீ.க்குள் இடம் பார்க்கச் சொல்லின. படுகைக்கு அவை வைத்த அளவு: 90 செ.மீ. இறுக்கிய களிமண், நீர் ஊடுருவல் நொடிக்கு 1×10⁻⁷ செ.மீ.க்கு மிகாமல், அதன்மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. (அடர் பாலிதீன்) ஷீட். நிலத்தடி நீர் எவ்வளவு ஏறினாலும் களிமண்ணின் அடிமட்டத்துக்கு 2 மீட்டர் கீழேதான் நிற்க வேண்டும் என்றன.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மண் சார்னோக்கைட் பாறை மழையில் சிதைந்து உண்டானது. உச்சியில் அந்தச் சிதைவு பாக்சைட் வரை போயிருக்கிறது. இப்படிப்பட்ட செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு களித்துகள்களை ஒட்டவைத்துக் குருணை குருணையாக்கி வைத்திருக்கும். ஹாலோசைட் என்ற களிக்கனிமமும் இருக்கலாம். அடுப்பில் ஒருமுறை காய்ந்தால் அந்தக் கனிமம் இழந்த நீரைத் திரும்ப ஏற்காது, குருணையும் இன்னும் கெட்டிப்படும். அப்போது லிக்விட் லிமிட் (மண் குழம்பாகி ஓடத் தொடங்கும் ஈர அளவு) குறைந்து, களியின் பங்கும் குறைந்து, நல்ல களிமண்கூட "மணல் கலந்த வண்டல்" என்று ரிப்போர்ட்டில் வந்து நிற்கும்.

அதனால் குழியிலிருந்து எடுத்த மண்ணை உடனே இரட்டை பாலிதீன் பையில் கட்டி, நிழலில் வைத்து லேபுக்கு அனுப்புங்கள். ஒரு குழிக்கு 50 கிலோவாவது வேண்டும். லேபில் முதல் வேலை, ஒரே மண்ணின் ஒரு பாதியை 105–110 டிகிரியிலும் மறுபாதியை 50 டிகிரியிலும் எடை மாறாத வரை உலர்த்துவது. இரண்டு ஈரப்பதத்துக்கும் 4 முதல் 6 சதவீதம் வித்தியாசம் வந்தால், மற்ற எல்லாச் சோதனையையும் இயற்கை ஈரத்திலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். லிக்விட் லிமிட்டுக்கு மண்ணை ஈரமாகவே 425 மைக்ரான் சல்லடையில் கழுவி எடுத்து, ஒரு பங்கை 5 நிமிடமும் இன்னொன்றை 30 நிமிடமும் பிசைந்து பார்க்க வேண்டும். அதிக நேரம் பிசைந்ததில் லிமிட் தெளிவாக ஏறினால், ரோலர் மிதிக்கும்போதும் குருணை உடையும் என்று பொருள். படுகைக்கு அது நல்ல செய்திதான்.

எந்த ஈரத்தில் இடித்தால் மண் அதிகமாக இறுகும் என்று காட்டும் பிராக்டர் சோதனையில் (இந்தியத் தரம் ஐ.எஸ். 2720, பகுதி 7: 2.6 கிலோ சுத்தி, 310 மி.மீ. உயரம், 3 அடுக்கு, அடுக்குக்கு 25 அடி) ஒவ்வொரு புள்ளிக்கும் புது மண் போட வேண்டும். இடித்ததையே உதிர்த்து மறுபடி இடித்தால் குருணை நொறுங்கி, களத்தில் கிடைக்காத அடர்த்தி காகிதத்தில் கிடைக்கும். அதிக ஈரத்திலிருந்து தொடங்கிக் காற்றில் குறைத்துக்கொண்டே வருவதுதான் சரியான முறை.

ஊடுருவல் சோதனைக்கான மண்ணை பிராக்டரில் அதிக அடர்த்தி தந்த உகந்த ஈரத்தைவிட 2 முதல் 4 சதவீதம் கூடுதலாக வைத்து இறுக்குங்கள். அதே மண்ணை உகந்த ஈரத்துக்குக் கீழே இறுக்கினால், அடர்த்தி சமமாக இருந்தாலும், கட்டிகளுக்கு நடுவே வழி விட்டு 10 முதல் 100 மடங்கு அதிகமாகக் கசியும். இந்தச் சோதனை பொறுமையைக் கேட்கும். 100 மி.மீ. விட்டமும் 127.3 மி.மீ. உயரமும் உள்ள மாதிரி, அதற்கு மேலே நீர் நிற்கும் 5 மி.மீ. உள்விட்டக் குழாய், ஊடுருவல் சரியாக 1×10⁻⁷ என்றால், நீர்மட்டம் 100 செ.மீ.யிலிருந்து 95க்கு இறங்கவே நாலரை மணி நேரம் ஆகும். சேலம் வெயிலில் குழாய் வாயில் ஆவியாவதும் கசிவாகவே கணக்கில் ஏறும்; மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஒரே மதியத்தில் ரிசல்ட் தருகிற லேபைச் சந்தேகப்படுங்கள். இரும்பு அச்சில் சுவரோரமாகவும் நீர் நழுவும் என்பதால், முடிவெடுக்கும் மாதிரிகளையாவது ரப்பர் உறை போட்ட டிரையாக்சியல் செல்லில் (சுற்றிலும் நீரழுத்தம் தரும் கலம்), மண் நீரால் நிறைந்ததைக் காட்டும் பி மதிப்பு 0.95 தொட்டபின் சோதிப்பது நல்லது.

தேறாவிட்டால் நீரில் நன்றாக உப்பும் களியான சோடியம் பெண்டோனைட் கலக்கலாம். உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.6 டன் என்றால், 90 செ.மீ. படுகையில் 6 சதவீதம் என்பது சதுர மீட்டருக்கு 86 கிலோ. விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கலந்த மண்ணைத் தண்ணீரோடு மட்டுமல்ல, குப்பைக் கசிவுநீரோடும் சோதிக்க வேண்டும். அதிலுள்ள கால்சியம் பெண்டோனைட்டின் உப்பலைக் குறைத்துவிடும்.

போர் போடும்போது ஏமாற்றுவது உருண்டைக்கல். சார்னோக்கைட் சிதையும்போது நடுவில் பெரிய கல் மிஞ்சும். அதில் பிட் முட்டியதும் "பாறை வந்தாச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். குறைந்தது 3 மீட்டர் கோர் (உருளையாக வெட்டிய பாறை மாதிரி) எடுத்த பிறகே பாறை என்று எழுதட்டும். நீர்மட்டத்தை ஏப்ரலில் அளந்து பயனில்லை, மழை ஓய்ந்த டிசம்பரில் பீசோமீட்டரில் (நீர்மட்டம் காட்டும் துளைக்குழாய்) பாருங்கள். கைவிட்ட வெள்ளைக்கல் (மேக்னசைட்) குழியை "தயாரான பள்ளம்" என்று யாராவது காட்டினால், பாறை வெடிப்புகளில் பேக்கர் சோதனை (துளையில் ஒரு பகுதியை அடைத்து, அழுத்தத்தில் நீர் செலுத்திக் கசிவை அளப்பது) செய்யாமல் தலையாட்டாதீர்கள்.

களத்தில் 15 செ.மீ. கனமாக 6 அடுக்கு, ஷீப்ஃபுட் ரோலர் (குமிழ்க்கால்கள் வைத்த உருளை), அடுக்குக்கு அடுக்கு கீறிவிடுதல். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை படுகை வேலையைத் தொடாமல் இருப்பதே மேல். வெயிலில் வெடிப்பு விடுமுன் ஷீட்டை விரித்துவிட வேண்டும். சரிவில் வழவழப்பான ஷீட் போடாதீர்கள்: ஈரக் களிமண்மேல் அதன் உராய்வுக் கோணம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கலாம், 1:3 சரிவோ 18 டிகிரிக்கு மேல். சொரசொரப்பான ஷீட்டை வாங்கி, அந்த மண்ணோடு சேர்த்தே ஷியர் சோதனை (எந்த விசையில் வழுக்கும் என்று பார்ப்பது) செய்த பிறகு சரிவை முடிவு செய்யுங்கள்.