பாலிஹவுஸுக்கு வைஃபை அலாரம் போதுமா?

"பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடிலில், வெப்பம் ஏறினால் போனில் எச்சரிக்கும் வைஃபை கருவி வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் கரண்ட் போனால் அது என்ன செய்யும் என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள்.

உங்களுக்கும் வீடு ஓரிடம், தோட்டம் ஓரிடம் என்று நினைக்கிறேன். எனக்குப் பள்ளத்தூர்ப் பக்கம் வெள்ளரி. "எல்லாம் போன்ல வந்துரும்ணே" என்று சொல்லித்தான் மாட்டிவிட்டுப் போனார்கள். சித்திரையில் காரைக்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் இருக்கும்போது தோட்டத்து வேலைக்கார அக்கா கூப்பிட்டார்: "கரண்டு போயி ரொம்ப நேரமாச்சு தம்பி, உள்ள நிக்க முடியல." ஆப்பைத் திறந்தால் சமர்த்தாக 33 டிகிரி! கரண்டோடு, பனிபோல் நீர் தூவிக் குளிர்விக்கும் ஃபாகரும் நின்றது, ரவுட்டரும் செத்தது. கடைசியாக அனுப்பிய எண்ணையே அது காட்டிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்வதற்குள் பிஞ்சுகள் வெம்பிவிட்டன.

இப்போது இருப்பது பேட்டரியில் ஓடும் சிம் கருவி. போனுக்கு அழைக்கச் சிம்800எல் மாட்யூல், வெப்பம் அளக்க டிஎஸ்18பி20 சென்சார். அந்த மாட்யூலுக்கு 2ஜி வேண்டும், ஜியோ சிம் ஆகாது. அழைக்கும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், சின்ன அடாப்டர் தாங்காது. கரண்ட் போனாலே ஒரு அழைப்பு. 38 டிகிரியைத் தாண்டி ஐந்து நிமிடம் நின்றால் இன்னொன்று. குறுஞ்செய்தியை நம்பாதீர்கள், கடன் வேண்டுமா என்று கேட்கும் செய்திகளுக்கு நடுவே காணாமல் போகும். அந்த அக்கா எண்ணும் அதில் இருக்கிறது, எனக்கு முன்னால் ஓடுவது அவர்தானே. தினமும் காலையில் "இருக்கிறேன்" என்று ஒரு செய்தி வரும். வராவிட்டால் கருவியே படுத்துவிட்டது என்று அர்த்தம்.

சென்சாரைச் செடி உயரத்தில், வெயில் நேரே படாமல், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். வெயிலில் மாட்டினால் காற்றின் சூட்டைச் சொல்லாது, தன் சூட்டைத்தான் சொல்லும்.

வைஃபை கருவிகளே குப்பை என்று நான் சொல்லவில்லை, கடைக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம். ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் போட்டு, இணைப்பு அறுந்தால் கூவும் ஆப்பும் இருந்தால் தாராளமாக வையுங்கள்.

இன்னொரு தொல்லை, எங்கள் வீட்டுச் சுவர். அத்தனை கனம்! வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், படுத்தால் போனுக்குச் சிக்னலே இல்லை, கருவி அழைத்தாலும் வராது. ஆன்டெனா வயர் இழுக்க ஜன்னல் சட்டத்தில் ஒரு துளை போடலாம் என்றேன். "பாட்டையா கட்டுன வீடு, கை வைக்கக் கூடாது" என்கிறார் பங்காளி. பின்கட்டுத் தேக்குக் கதவைக் கழற்றிப் பழம்பொருள் கடைக்கு விற்றவர் இவர்தான்! அப்போது பாட்டையா ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.