முன்பாரமா, பின்பாரமா? கார் செட்டப் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே புகார்தான்: "வண்டி நான் சொல்கிற இடத்துக்குப் போகமாட்டேன் என்கிறது." கேட்டவர்களில் பெரும்பாலோர் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய வீடியோ கேம் ஆடுபவர்கள் என்பதால் இங்கே வரும் எண்களும் மெனுப் பெயர்களும் அந்த கேமுடையவை. வேறு கேம் ஆடுகிறவர்களுக்கு மெனு மாறும், டயரும் பாரமும் மாறாது.

*

திருப்பூரிலிருந்து: வீட்டில் நிற்பதும் ஸ்விஃப்ட், கேமில் வாங்கியதும் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுங்ணா. டர்போ, எக்ஸாஸ்ட், கம்ப்யூட்டர் எல்லாம் போட்டாச்சு. நேர் ரோட்டில் பறக்கிறது. வளைவு வந்தால் மட்டும் வெளிப்பக்கமாகவே போய்ப் புல்லில் இறங்குகிறது.

என்னென்ன போட்டீர்கள் என்று பெரிய பட்டியலே கொடுத்திருக்கிறீர்கள் தம்பி, அதில் டயர் இல்லை. கையில் இருந்த காசையெல்லாம் இன்ஜினில் கொட்டிவிட்டு அதே கம்ஃபர்ட் டயரில் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் காசு டயருக்கு, இரண்டாவது காசு பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும், மிச்சமிருந்தால் டர்போவுக்கு. ஸ்போர்ட்ஸ் டயர் மாட்டினாலே பாதி நோய் போய்விடும்.

மீதிப் பாதி உங்கள் விரலில் இருக்கிறது. மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கிக்கொள்ளும். காரிலும் அதேதான், என்ன, இங்கே மூட்டை நொடிக்கு நொடி நகர்ந்துகொண்டே இருக்கும். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் வரும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பின்னால் போகும். ஸ்விஃப்டில் திருப்புவதும் முன் சக்கரம், இழுப்பதும் முன் சக்கரம். நீங்கள் வளைவின் நடுவிலேயே ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்துகிறீர்கள். பாரம் பின்னால் போய், முன் டயர் லேசாகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து இழுக்கிற வேலையையும் அதன் தலையிலேயே கட்டினால் அது எப்படித் திரும்பும்?

செட்டப்பில் செய்ய வேண்டியது: முன் ஆன்டி-ரோல் பாரை (வளைவில் கார் ஒருபக்கம் சாயாமல் பிடிக்கிற கம்பி) இரண்டு படி குறையுங்கள், பின் பாரை இரண்டு படி கூட்டுங்கள். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 5 மில்லிமீட்டர் உயரமாக வையுங்கள். முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடுகிற பிரேக் பேலன்ஸை ஒரே ஒரு படி பின்பக்கம் தள்ளுங்கள். இதற்கு மேல் போனால் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் ஆடும். ஆடினால் கடைசியாகச் செய்ததை மட்டும் திருப்பி வையுங்கள்.

*

உடுமலையிலிருந்து: ஆர்எக்ஸ்-7 வைத்திருக்கிறேன். வளைவு முடிந்து வெளியே வரும்போது பம்பரம்தான். எல்எஸ்டியில் மூன்று எண்கள் இருக்கின்றன, மூன்றும் எதற்கென்றே புரியவில்லை.

உடுமலைக்காரருக்கு ரேக்ளாவை வைத்துச் சொன்னால் ஆச்சு. வண்டி திரும்பும்போது உள்மாடு மெல்லப் போக வேண்டும், வெளிமாடு அதிக தூரம் ஓட வேண்டும். உங்கள் ஆர்எக்ஸ்-7-ஐத் தள்ளுகிற இரண்டு பின் சக்கரங்களும் அப்படித்தான். இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டையும் அதனதன் போக்கில் விட்டுவிடும். ஆனால் வளைவில் பாரம் வெளிச்சக்கரத்துக்குப் போய்விடுவதால் உள்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சும்மா சுழலும், இன்ஜின் சக்தியெல்லாம் புகையாகிவிடும். எல்எஸ்டி (லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) என்பது இரண்டு சக்கரத்தையும் ஓரளவுக்குச் சேர்த்துக் கட்டுகிற கயிறு. இனிஷியல் டார்க் என்பது எப்போதும் இருக்கிற கட்டு, ஆக்ஸிலரேஷன் சென்சிடிவிட்டி மிதிக்கும்போது இறுகுகிற கட்டு, பிரேக்கிங் சென்சிடிவிட்டி காலை எடுக்கும்போது இறுகுகிற கட்டு.

இறுக்கமா, தளர்வா என்று கண்டுபிடிக்க ரீப்ளேயைப் பாருங்கள். வளைவை விட்டு வரும்போது உள்சக்கரம் மட்டும் புகைந்தால் கட்டு தளர்வு. ஆக்ஸிலரேஷன் எண்ணைக் கூட்டுங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் புகைந்து வால் வீசினால் கட்டு இறுக்கம், குறையுங்கள். உங்கள் கேஸ் இரண்டாவது என்று நினைக்கிறேன். வரிசையாக 10, 20, 15 என்று வைத்து ஆரம்பித்து, ஆக்ஸிலரேஷனை இரண்டிரண்டாக நகர்த்துங்கள். வளைவுக்குள் நுழையும்போதே சுற்றுகிறவர்கள் மூன்றாவது எண்ணைக் கூட்ட வேண்டும். கூடவே சக்கரம் சும்மா சுழலாமல் அடக்குகிற டிராக்ஷன் கன்ட்ரோலை 1-இல் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் மழைப் போட்டியில் வைத்துக்கொள்கிறேன்.

*

நாமக்கல்லிலிருந்து: காரை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திவிட்டேன். பார்க்க அம்சமாக இருக்கிறது, லேப் டைம்தான் கூடிவிட்டது. நேச்சுரல் ஃப்ரீக்வென்சி என்று ஹெர்ட்ஸில் போட்டிருக்கிறார்களே, அது என்ன கணக்கு?

லாரி ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? காலி லாரி ஸ்பீட் பிரேக்கரில் எப்படிக் குதிக்கிறது, அதே லாரி லோடு ஏற்றியதும் எப்படி நிதானமாக ஆடி நிற்கிறது! ஸ்பிரிங் பட்டை இரண்டு நேரத்திலும் ஒன்றுதான், பாரம்தான் வேறு. பாரம் ஏறினால் ஆட்டம் மெதுவாகும், இறங்கினால் வேகமாகும். நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ். ஸ்பிரிங்கின் முரட்டுத்தனத்தை மட்டும் சொல்லாமல், காரின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட எண் என்பதால் 900 கிலோ காருக்கும் 1,500 கிலோ காருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

தாழ்த்தினால் நல்லதுதான், பாரம் தரையோடு ஒட்டி இருக்கும். ஆனால் சஸ்பென்ஷன் அமுங்க இடம் வேண்டாமா? இடம் தீர்ந்ததும் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான், டயர் கல்லாகிவிடும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப பாதையில் 20.8 கிலோமீட்டருக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. ஃபுக்ஸ்ரோர இறக்கத்தின் அடிப்பள்ளத்தில் கார் அப்படியே தரையில் உட்காரும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் லேசாகி, ஒரு கணம் யாருடைய காரையோ ஓட்டுகிற மாதிரி இருந்தால் அடி தட்டுகிறது என்று அர்த்தம். 10 மில்லிமீட்டர் ஏற்றுங்கள், அல்லது ஃப்ரீக்வென்சியை 0.2 கூட்டுங்கள். தார் வழவழவென்று இருக்கிற பாதைக்குத் தனி செட்டிங் ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். அழகுக்குத் தாழ்த்துவதெல்லாம் போட்டோ மோடுக்கு.

*

கோபியிலிருந்து: யூடியூபில் ஒருவர் போட்ட செட்டப்பை ஒரு எண் விடாமல் அப்படியே ஏற்றினேன். அவர் ஓட்டினால் தண்டவாளத்தில் போகிறது, எனக்குச் சுவரில் போகிறது. என் கையில்தான் கோளாறா?

கையில் கோளாறு இல்லை, அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள். அவர் ஸ்டியரிங் வீலில் ஓட்டுகிறார், நீங்கள் கன்ட்ரோலரில். வீலில் அரை அங்குலம் திருப்புகிற இடத்தில் நம் கட்டைவிரல் குச்சியை ஓரம் வரை தள்ளிவிடும். கன்ட்ரோலருக்கு ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும் கொஞ்சம் இளக்கமாக இருப்பது நல்லது. அப்புறம் அவர் போட்ட டயர் எது, எந்தத் தேதி வீடியோ என்று பாருங்கள். அப்டேட் வந்தால் வண்டியின் குணமே மாறும். 2024 ஜூலையில் 1.49 என்ற அப்டேட் வந்தபோது சஸ்பென்ஷன் கணக்கில் கைவைத்தார்கள். சில கார்கள் நின்ற இடத்திலிருந்து வானத்துக்குத் துள்ளின. சில நாளில் 1.50 கொடுத்துத்தான் தரையிறக்கினார்கள். அதற்கு முந்தைய செட்டப்பெல்லாம் போன வருட காலண்டர்.

நான் பகலில் லேத் பட்டறைக்காரன். பட்டறையில் ஒரு கட் எடுத்ததும் மெஷினை நிறுத்தி வெர்னியர் வைத்து அளப்போம், அப்புறம்தான் அடுத்த கட். அளக்காமல் இரண்டு கட் போட்டால் ஜாப் காயலான் கடைக்குத்தான். இங்கேயும் அப்படியே செய்கிறேன். கேமில் இருக்கிற ஜப்பானின் ட்சுகுபா பாதை 2 கிலோமீட்டர் சொச்சம்தான். சோதித்துப் பார்க்க அதைவிட வசதியான இடம் இல்லை. ஐந்து சுற்று ஓட்டுங்கள், முதல் சுற்றை விட்டுவிட்டு மற்ற நேரங்களை நோட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு மாற்றம், மறுபடி ஐந்து சுற்று. ஒரு சுற்று மட்டும் வேகமாக வந்தால் நம்பாதீர்கள். நான்கும் சேர்ந்து இறங்கினால் அந்த மாற்றம் தங்கட்டும்.

ஒருமுறை நண்பர்களுக்குள் வைத்த போட்டிக்கு முந்தின ராத்திரி ஆறு எண்களை ஒன்றாக மாற்றினேன். மறுநாள் முதல் வளைவிலேயே கார் திரும்பி நின்று வந்தவர்களை எல்லாம் பார்த்தது. ஆறில் எது குற்றவாளி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

*

கரூரிலிருந்து: லெ மான்ஸில் நீள நேர்ப்பாதை பாதியிலேயே டாப் கியர் முட்டி நிற்கிறது. கூட வருகிறவர்கள் எல்லாம் தாண்டிப் போகிறார்கள்.

ஃபைனல் கியர் எண்ணைக் குறையுங்கள். கணக்கு சுலபம்: 4.100-ஐ 3.900 ஆக்கினால் ஒவ்வொரு கியரும் 5 சதவீதம் நீளும். 240-இல் முட்டிய கார் 252 வரை போகும், இன்ஜினுக்குத் தெம்பு இருந்தால். விலையாகக் கிளம்பும்போது கொஞ்சம் சோம்பல் வரும். முன்னால் போகிறவர் காற்றை மறைத்துக் கொடுத்தால் வேகம் இன்னும் கூடும், அதற்கும் சேர்த்து முள் சிவப்பைத் தொடாத அளவுக்கு இடம் விடுங்கள்.

*

பொள்ளாச்சியிலிருந்து: நீளமான போட்டிகளில் எனக்கு மட்டும் முன் டயர் பாதியிலேயே தேய்ந்துவிடுகிறது. கேம்பரையும் டோவையும் எங்கே வைப்பது? இரண்டும் எனக்கு ஒன்று போலத்தான் தெரிகிறது.

முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்த்தால் இரண்டு பாதம் மாதிரி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது டோ. கேம்பர் வளைவில் உதவும், நேரில் உள்ஓரத்தைக் கொஞ்சம் தின்னும். டோ இருக்கிறதே, அது நேரிலும் வளைவிலும் தின்றுகொண்டே இருக்கும்.

டோவின் அருமை எனக்கு என் சொந்தக் காரில்தான் புரிந்தது. ஒரு கடையில் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்டியரிங் நேராக இருந்தது, இழுப்பும் இல்லை, சந்தோஷமாகப் பணம் கொடுத்தேன். நாலாயிரம் கிலோமீட்டர் போனபிறகு சத்தம் வருகிறதே என்று குனிந்து முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழுவழு, உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பப் பல். இரண்டு டயரும் ஒரே மாதிரி. சக்கரம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இத்தனை தூரம் தரையில் தேய்த்துக்கொண்டு போயிருக்கின்றன. புது டயர், ஆறு மாதம்கூட ஆகவில்லை.

கேமில் கைவைத்துத் தடவ முடியாது, அதனால் திரையில் தெரிகிற டயர் அளவைப் பாருங்கள். நீளமான போட்டிக்கு முன் டோவைப் பூஜ்யத்தில் வையுங்கள். பின்னால் நிதானம் வேண்டுமென்றால் 0.10 உள்பக்கம் போதும். ரேசிங் டயருக்குக் கேம்பர் முன் 2, பின் 1.5 என்று ஆரம்பிக்கலாம். அப்படியும் முன் டயர் மட்டும் தேய்ந்தால் பிரேக் பேலன்ஸை ஒரு படி பின்னால் தள்ளுங்கள். எண்ணெயையும் மறக்காதீர்கள்: 100 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் ஏறக்குறைய 75 கிலோ, ஒரு ஆளைக் கூட ஏற்றிக்கொண்டு ஓடுகிற மாதிரி. தேவையான அளவு மட்டும் நிரப்பிக் கிளம்பினால் டயருக்கும் ஆயுசு கூடும்.

கடைசியாக ஒன்று. வால்பாறை மேலேறுகிற 40 கொண்டை ஊசியிலும் பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? டயர் கத்துகிற அளவுக்கு மேல் குச்சியைத் தள்ளினால் கார் கூடுதலாகத் திரும்பாது, டயர்தான் தீரும்.

*

ஈரோட்டிலிருந்து: பையன் ஸ்டியரிங் வீல் கேட்டு ஒரு மாதமாக உயிரை எடுக்கிறான். வாங்கினால்தான் வேகமாக ஓட்ட முடியுமாம். உண்மையா தம்பி?

இல்லைங்கக்கா. கன்ட்ரோலரில் என்னைத் தூக்கிச் சாப்பிடுகிற பையன்கள் இருக்கிறார்கள். வீலில் ஓட்டினால் சந்தோஷம் அதிகம், அதை மறுக்க மாட்டேன். இன்னும் ஆறு மாதம் கன்ட்ரோலரில் ஓட்டட்டும். ஆசை குறையாவிட்டால் வாங்கிக் கொடுங்கள். ஸ்டாண்டுக்கென்று தனியாகச் செலவு செய்யாதீர்கள். பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒன்றரை அங்குல சதுரக் குழாயில் அடித்துத் தரச் சொல்லுங்கள். என்னுடையது அப்படிச் செய்ததுதான், பத்து பேர் ஏறி நின்றாலும் அசையாது. பெடல் வைக்கிற தட்டை மட்டும் கொஞ்சம் சாய்வாக வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கணுக்கால் வலிக்கும்.

*

கோவையிலிருந்து: நம்ம செட்டிபாளையம் டிராக்கை கேமில் எதிர்பார்க்கலாமா?

எனக்கும் ஆசைதான். நம்மூர் கார் பந்தய வீரர் கரிவர்தனின் பெயரில் 2003-இல் செட்டிபாளையத்தில் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர். கிரான் டூரிஸ்மோ 7-இல் இந்தியப் பாதை எதுவுமே இல்லை. நம்மூர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்த ஃபார்முலா 1 போட்டியில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தாரே, அந்த நாளும் டயரால் வந்ததுதான். மிஷெலின் டயர் போட்ட 14 கார்கள் அந்த டயரை நம்ப முடியாமல், போட்டி தொடங்குவதற்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றின் முடிவிலேயே பிட்டுக்குத் திரும்பிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின.

நீளத்தில் செட்டிபாளையத்துக்குக் கிட்டத்தட்ட ஜோடி, கோபிக்காரருக்குச் சொன்ன ட்சுகுபாதான். திருப்பூர்த் தம்பியின் ஸ்விஃப்டையே எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். கடைசி வளைவு வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும்; டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் முன் டயர் அழ ஆரம்பிக்கிற இடம் துல்லியமாகக் கேட்கும்.