சைடு பெட் சேர்த்தால் மேசையின் வரவு கூடுமா?

கேள்வி: கேசினோ ஒன்றில் பிளாக்ஜாக் மேசைகளின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒரு மேசையில் ‘பெர்ஃபெக்ட் பேர்ஸ்’ என்ற சைடு பெட்டை (முதன்மைப் பந்தயத்துக்கு மேல் தனியாகக் கட்டும் துணைப் பந்தயத்தை)ச் சேர்த்து ஒரு மாதம் ஆகிறது. வரவு முந்தைய மாதத்தைவிடக் குறைந்துவிட்டது. சைடு பெட்டால் லாபம் கூடும் என்பது உண்மைதானா? எடுத்துவிடலாமா?

பதில்: அந்த ஒரு மாத வரவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சைடு பெட் பெரும்பாலும் லாபத்தைக் கூட்டும். எப்போது கூட்டாது என்பதையும் முன்கூட்டியே கணக்கிட முடியும். நீங்கள் பார்க்கும் எண்தான் தவறானது.

முதலில் அந்தப் பந்தயத்தையே பிரித்துப் பார்ப்போம். ஆட்டக்காரருக்கு வரும் முதல் இரண்டு சீட்டுகளும் ஜோடியாக அமையுமா என்பதுதான் அது. ஆறு சீட்டுக்கட்டுகள் என்றால் மொத்தம் 312 சீட்டுகள். ஆட்டக்காரர் கையில் ஒரு ஸ்பேட் ராஜா வந்துவிட்டது, மீதி 311. அதில் இன்னும் 5 ஸ்பேட் ராஜாக்கள் உண்டு. வந்தால் ஒன்றுக்கு 25. அதே நிறத்தின் வேறு இனத்தில் 6 ராஜாக்கள், ஒன்றுக்கு 12. மாற்று நிறத்தில் 12 ராஜாக்கள், ஒன்றுக்கு 6. ஆக 311 முறை ஓர் அலகு கட்டினால் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது 125, 72, 72, மொத்தம் 269. தோற்பது 288. வித்தியாசம் 19, அதாவது கட்டிய தொகையில் 6.1 சதவீதம் கேசினோவுக்கு. நன்றாக ஆடத் தெரிந்தவரிடம் பிளாக்ஜாக்கின் முதன்மைப் பந்தயம் தருவது அரை சதவீத அளவுதான். பாக்கரட் என்ற சீட்டாட்டத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: பாங்கர் கை வெல்லும் என்ற பந்தயத்தில் 1.06 சதவீதம், ஒன்றுக்கு எட்டு தரும் டை (சமநிலை) பந்தயத்திலோ 14.4.

இந்தச் சதவீதத்தைக் காட்டித்தான் சைடு பெட்டை விற்கிறார்கள். ஆனால் சதவீதம் மட்டும் கல்லாவை நிரப்பாது. எத்தனை பேர் கட்டுகிறார்கள், எவ்வளவு கட்டுகிறார்கள், ஒரு மணி நேரத்தில் எத்தனை சுற்று ஓடுகிறது என்பவைதான் அதைப் பணமாக்குகின்றன.

ஒரு மாதிரிக் கணக்கு. ஐந்து பேர், ஆளுக்கு 10 அலகு, மணிக்கு 60 சுற்று. எல்லோரும் பிழையின்றி ஆடுவதில்லை. முதன்மைப் பந்தயத்தில் 1 சதவீதம் என்று கொள்வோம். மணிக்கு 30 அலகு வரும். இப்போது இருவர் ஆளுக்கு 2 அலகு சைடு பெட் கட்டுகிறார்கள். டீலர் (சீட்டுப் போடும் ஊழியர்) கூடுதலாகப் பார்த்து, எண்ணி, கொடுக்க வேண்டியிருப்பதால் சுற்றுகள் 55 ஆகின்றன. முதன்மைப் பந்தயத்திலிருந்து 27.5, சைடு பெட்டிலிருந்து சுமார் 13.4, ஆக மொத்தம் 41. நல்ல உயர்வு. இதே மேசையில் ஒருவர் மட்டும் கட்டி, சுற்றுகள் 48 ஆகக் குறைந்தால்? 24 உடன் 5.9 சேர்த்து 29.9. பழைய நிலைக்கும் கீழே வந்துவிட்டோம். காப்புரிமை பெற்ற சைடு பெட் என்றால் மேசைக்கு இவ்வளவு என்று மாத வாடகையும் உண்டு. அது இந்தக் கணக்கில் இன்னும் சேரவே இல்லை.

‘சைடு பெட்டில் போடும் பணம் முதன்மைப் பந்தயத்திலிருந்துதானே போகிறது’ என்று பலர் அஞ்சுவார்கள். அந்த அச்சம் தேவையில்லை. ஒருவர் 10 அலகை எட்டும் இரண்டுமாகப் பிரித்துக் கட்டினாலும், 1 சதவீதம் தந்த இரண்டு அலகு இப்போது 6.1 தருகிறது. வரவைத் தின்பது பணம் இடம் மாறுவதன்று, நேரம்தான். சைடு பெட்டில் ஜோடியைக் கண்டதும் தடுமாறாமல் கணக்குக் கொடுக்கும் டீலரைப் பயிற்றுவிப்பதற்கு நான் முதலிடம் தருவேன். பாங்கர் வெற்றியில் வழக்கமாகப் பிடிக்கும் கமிஷன் இல்லாத பாக்கரட் வகை ஒன்றில், பாங்கர் மூன்று சீட்டில் ஏழு எடுத்து வென்றால் பாங்கர் பந்தயம் திருப்பித் தரப்படும். அதே நிகழ்வு ஒன்றுக்கு 40 தரும் சைடு பெட்டாகவும் இருக்கும். கமிஷன் கணக்கு ஒழிவதால் ஆட்டம் வேகமாகிறது. சைடு பெட்டை ஆட்டத்துடன் இணைத்து வடிவமைப்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

வேறொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மேலே சொன்ன கணக்கில் சைடு பெட் கட்டுபவரின் சராசரி இழப்பு மணிக்கு 6 அலகிலிருந்து 12 ஆகிறது. அவர் கொண்டுவந்த பணம் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் கரைகிறது. காத்திருப்பவர் இருந்தால் அந்த நாற்காலி உடனே நிரம்பும். பாதி காலியான மேசையிலோ, இன்றைய கூடுதல் வரவில் ஒரு பகுதி அவர் நாளை தந்திருக்கக்கூடியது. அவர் திரும்பி வராமலே போகலாம். எவ்வளவு கிடைக்கும் என்பதை மேசை விரிப்பிலேயே தெளிவாக அச்சிடுங்கள். அது அவருக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்ச நேர்மை.

உங்கள் மாத வரவுக்கு வருகிறேன். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் மாதிரி மேசையின் முதன்மைப் பந்தயத்தில் எதிர்பார்க்கும் மாத வரவு 7,200 அலகு. பிளாக்ஜாக்கின் இயல்பான ஏற்ற இறக்கத்தால் இது 3,000 அலகு கூடுவதும் குறைவதும் சாதாரணம். சைடு பெட் தரக்கூடிய மாத உயர்வோ சுமார் 2,600. அலையைவிடச் சிறிய உயர்வை இரண்டு மாத வரவுகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. 25 மடங்கு தரும் பந்தயமே தாவித் தாவிப் போகக்கூடியது. இதே கணக்கில் மூன்றில் ஒரு ஷிஃப்டில் சைடு பெட்டே கேசினோவுக்கு நட்டத்தில் முடியும். பிழை எதுவும் இல்லாமலே அப்படி நடக்கும்.

ஆகவே வரவை விட்டுவிட்டு எண்ணிக்கையை எடுங்கள். கண்காணிப்பு கேமரா பதிவிலிருந்து, வெவ்வேறு நேரங்களில், மணிக்கு எத்தனை சுற்று, அதில் எத்தனை சைடு பெட், சராசரி எவ்வளவு என்று குறியுங்கள். சைடு பெட் இல்லாத பக்கத்து மேசையிலும் சுற்றுகளை எண்ணுங்கள். டீலர் மாறும்போது வேகம் மாறுகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு வாரப் பதிவு போதும். எண்ணிக்கை, வரவைப் போல அலைபாயாது. அந்த எண்களை மேலே சொன்ன கணக்கில் போட்டு, வாடகையைக் கழித்தபின் சைடு பெட் இல்லாத மேசையின் கணக்குக்கு (மாதிரியில் 30) மேல் நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். நிற்காவிட்டால், எடுப்பதற்கு முன் சுற்று வேகத்தைச் சரிசெய்ய முடியுமா என்று ஒரு வாரம் முயன்று பாருங்கள்.