மலிவு விலைக் கயாக் மூழ்காது என்பது உண்மையா?

கேள்வி: பெரிய அங்காடி ஒன்றில் பத்து அடி நீளமான, உள்ளே அமர்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் கயாக் ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறேன். பின்புறம் மட்டும் ஒரு குறுக்குத் தடுப்பும் மூடியும் உள்ளன. "பிளாஸ்டிக் என்பதால் மூழ்காது" என்றார் விற்பனையாளர். சிம்கோ ஏரியில் இதை நம்பி இறங்கலாமா? என் மனைவிக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: விற்பனையாளர் சொன்னது பொய்யல்ல, ஆனால் அந்த உண்மையால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. இத்தகைய கயாக்குகளை வார்க்கும் பொலித்தீனின் அடர்த்தி, தண்ணீரை 1 என்று வைத்தால், ஏறத்தாழ 0.95. இருபது கிலோ எடையுள்ள வெற்று உடல் முழுவதும் அமிழ்ந்தால் 21 லீற்றர் தண்ணீரையே விலக்கும். எனவே பிளாஸ்டிக் தானாகத் தரும் மிதப்பு ஒரு கிலோ அளவுதான். சிறிய நங்கூரம் ஒன்றே அதை இல்லாமல் செய்துவிடும்.

காற்று எங்கே அடைபட்டிருக்கிறது என்பதே முக்கியம். உங்கள் கயாக்கில் அது பின்புறத்தில் மட்டும் இருப்பதால், கவிழ்ந்து தண்ணீர் நிறைந்தவுடன் அணியம் (முன்முனை) கீழே இறங்க, பின்முனை வானத்தைப் பார்த்தபடி நிற்கக்கூடும். உள்ளே புகுந்த தண்ணீர் ஏரியில் இருக்கும்வரை பாரமாகத் தெரியாது. தூக்கி ஊற்ற முயலும்போதுதான் ஒவ்வொரு லீற்றரும் ஒரு கிலோவாகக் கனக்கும். நூறு லீற்றருக்கு மேல் ஏற்றிய கயாக்கை, நீந்திக்கொண்டிருக்கும் ஒருவர் தனியாக நிமிர்த்தி, வெறுமையாக்கி, மறுபடி ஏறுவது நடவாத காரியம். கயாக் மூழ்காமல் இருந்தும் நீங்கள் தண்ணீரிலேயே இருப்பீர்கள்.

இதற்குப் பெரிய செலவில்லாத தீர்வு, கால்களுக்கு முன்னால் உள்ள இடத்தைக் காற்றுப் பையாலோ, நீரை உறிஞ்சாத மூடிய கண்ணறை நுரைக் கட்டியாலோ நிரப்புவதாகும். சாதாரணப் பஞ்சு நுரை கூடாது, அது தண்ணீரைக் குடித்துவிடும். முப்பது லீற்றர் நுரை முப்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவான மிதப்பைத் தருவதோடு, அத்தனை லீற்றர் தண்ணீர் புகவும் இடம் விடாது. எதை வைத்தாலும் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கட்டாத பை கவிழ்ந்த கணமே நழுவி வெளியேறி, கயாக்கை விட்டுத் தனியே மிதந்து போகும். காற்றுப் பை வெயிலில் கரையில் கிடக்கும்போது விரிந்து வெடிக்கலாம் என்பதால் அங்கே தளர்த்தி வைத்து, தண்ணீரில் இறங்கியபின் மீண்டும் ஊதிக்கொள்ளுங்கள்.

பின்தடுப்பையும் நம்பிவிடாதீர்கள். சில மலிவுக் கயாக்குகளில் மூடி இருக்கும், அதன் பின்னே தடுப்பே இருக்காது! இருந்தாலும் விளிம்புகள் கசியலாம். பின்னறைக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, இருக்கைப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். கசிந்தால் சிலிக்கோன் பூசிப் பயனில்லை, அது பொலித்தீனில் சரியாக ஒட்டாது. அங்கேயும் ஒரு காற்றுப் பையை வைப்பதே மேல்.

பிறகு யூலை மாதத்து வெயில் நாளொன்றில், இடுப்பளவு ஆழத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கயாக்கை நீங்களே கவிழ்த்துப் பாருங்கள். இரு முனைகளும் மட்டமாக மிதக்கின்றனவா, வெளியேறுவது எளிதா, எவ்வளவு நேரத்தில் தண்ணீரை வெளியேற்ற முடிகிறது என்பதெல்லாம் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். உங்கள் மனைவியும் கரையில் நின்று அதைப் பார்க்கட்டும்.

கனடியச் சட்டப்படி ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, 15 மீற்றருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்கும் வாளி அல்லது கைப்பம்பி, ஊதல் ஆகியவை கயாக்கில் இருக்க வேண்டும். அங்கி கயாக்கில் இருந்தால் சட்டம் நிறைவேறும். உயிர் காக்க அது உடலில் இருக்க வேண்டும். சிம்கோவில் காற்று எழும்பினால் அலைகள் விரைவில் உயரும், மே மாதத் தண்ணீரோ மூச்சைத் திணறடிக்கும் அளவு குளிர்ந்திருக்கும். ஆகவே இந்த வகைக் கயாக்கில் கோடையில் மட்டும், அங்கியுடன் நீந்தித் திரும்பக்கூடிய தூரத்துக்குள், கரையோரமாகச் செல்லுங்கள்.