லேயில் வந்தது சளி அல்ல

மாரடைப்பு வந்துவிடுமோ என்று ஒரே கடிதத்தில் மூன்று இடங்களில் கேட்டிருக்கிறீர்கள். வயது 48, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், ஜனவரியில் மகனோடு காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு, பிறகு இமாச்சலத்தின் பீர் பில்லிங்கில் பாராகிளைடிங். ட்ரெட்மில் சோதனை சரியாக வந்திருக்கிறது, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. எனக்குக் கவலை தருவது உங்கள் இதயம் அல்ல, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய இந்த வரி: "முன்பு லடாக்கின் லே போனபோது இரண்டாம் இரவு படுத்தாலே மூச்சு முட்டியது, வறட்டு இருமல் வேறு. சளி என்றார்கள். டெல்லிக்குத் திரும்பியதும் சரியாகிவிட்டது."

மலையிறங்கியதும் தீர்ந்துபோகும் சளியை நான் பார்த்ததில்லை. கடிதத்தை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் 3,500 மீட்டர் உயரத்தில் நேராக விமானத்தில் போய் இறங்கி, இரண்டாம் இரவு படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தவரிடம் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது நுரையீரலில் நீர் கோத்ததைத்தான். ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. சிலருக்கு அவை அளவுக்கு மீறி, இடத்துக்கு இடம் ஏற்றத்தாழ்வாக இறுகும். இறுகாத பகுதிகளுக்குள் ரத்தம் அழுத்தத்தோடு பாய்வதால் தந்துகிகள் கசிந்து, காற்றறைகளில் நீர் சேர்கிறது. நல்ல இதயம் உள்ளவருக்கும் இது வரும். ட்ரெட்மில் சோதனை இதைக் காட்டாது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

ஈசூனில் உங்கள் வீவக புளோக்கின் மாடிப்படிகளில் தினமும் ஏறி இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். தொடைக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் உடல் வலிமை இந்தக் கசிவைத் தடுப்பதில்லை. திடகாத்திரமானவர்கள் முதல் நாளே வேகமாக ஏறி இதில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கம். சிங்கப்பூரில் 163 மீட்டர் புக்கிட் தீமா குன்றே நமக்கு உச்சி. உயரத்துக்குப் பழகுவதை அங்கே போய்த்தான் செய்ய வேண்டும்.

பயணத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை. குல்மார்க்கில் நீங்கள் தூங்கப்போவது சுமார் 2,650 மீட்டரில். லேயைவிட இது தாழ்வு, அதனால் எவ்வளவோ பரவாயில்லை. கேபிள் காரின் இரண்டாம் கட்டம்தான் 4,000 மீட்டரை நெருங்குகிறது. அங்கே குளிரும் கடும் உழைப்பும் சேர்ந்து நுரையீரல் அழுத்தத்தை இன்னும் ஏற்றும். ஆகவே முதலில் ஸ்ரீநகரில் இரண்டு இரவு தங்குங்கள். குல்மார்க்கில் முதல் இரண்டு நாட்களும் கீழ்ச்சரிவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சறுக்குப் பலகையோடு மலையேறுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் மனத்தில் இருத்த வேண்டிய அறிகுறி ஒன்றுதான்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது. ஏறும்போது எல்லோருக்கும் இரைக்கும். நின்றால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால், அல்லது இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது என்றால், காலைவரை காத்திருக்காதீர்கள். ஆக்சிஜன் கேளுங்கள், அன்றிரவே ஸ்ரீநகருக்கு இறங்குங்கள். இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும்வரை பொறுத்திருப்பது உயிரோடு விளையாடுவது. பனி கொட்டினால் கீழே இறங்கும் தங்மார்க் சாலை அடைபடலாம். இரவில் வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, ஆக்சிஜன் எங்கே கிடைக்கும் என்பதைப் போய்ச் சேர்ந்த அன்றே விசாரித்து வையுங்கள்.

நண்பர் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள். அது உயரத்தால் வரும் மூளை வீக்கத்துக்கு மருத்துவர் கொடுக்கும் அவசர மருந்து. விழுங்கிவிட்டு மேலே ஏறிக்கொண்டே இருப்பதற்கு அல்ல. நுரையீரல் கசிவைத் தடுக்க நிஃபெடிபின் உதவும் என்று இணையத்தில் படித்திருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் உங்கள் அம்லோடிபினும் அதே குடும்பம். இரண்டையும் நீங்களாகச் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து, சரிவின் நடுவில் மயங்கி விழலாம். இந்த வாரமே உங்கள் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய், லேயில் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோ பரிசோதனை தேவையா, எந்த மருந்தை மாற்றுவது என்பதை அங்கே முடிவு செய்யட்டும். மாற்றிய மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று ஊரிலிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

மற்றவை: கேபிள் காரில் காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள். மூக்கில் லேசாக ரத்தம் கசிவது வறண்ட காற்றால். அடிக்கடி சிறுநீர் வருவது உடல் பழகுவதன் அடையாளம். பில்லிங்கில் சுமார் 2,400 மீட்டரிலிருந்து பயிற்சி பெற்றவரோடு பறந்து கீழே இறங்கப்போகிறீர்கள். அந்தக் குறுகிய நேரத்தில் நுரையீரலுக்கு எதுவும் ஆகாது. மூளை வீங்கி இறந்தவர்களின் காணொளிகளை இரவு இரண்டு மணிக்குப் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று உண்டு. குறிக்கப்பட்ட தடங்களுக்கு வெளியே சறுக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் பனிச்சரிவில் சிக்கி ஒரு ரஷ்யர் இறந்தார். புதையுண்டவரை முதல் சில நிமிடங்களில் தோண்டி எடுக்கக்கூடியவர்கள் உடன் வந்தவர்கள் மட்டுமே. வழிகாட்டி, புதையுண்டவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வெட்டி இல்லாமல் மகனை அங்கே அழைத்துப் போகாதீர்கள். பயணக் காப்புறுதி இந்தச் சறுக்கையும் பாராகிளைடிங்கையும் விலக்கி வைத்திருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்; பல திட்டங்களில் விலக்கியிருப்பார்கள். லேயில் நடந்ததை மகனுக்கும் சொல்லுங்கள். மூச்சு வாங்கும்போது "எனக்கு ஒன்றுமில்லை" என்று நீங்கள் சொன்னால், அதைக் கேட்காமல் உங்களைக் கீழே இறக்க வேண்டியவர் அவர்தான்.